‘எ பிட்’ சேர்த்தால் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: ஆங்கிலத்தில் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுக் குறை சொல்லும்போது வெறும் ‘வொர்ஸ்’, ‘ஸ்லோவர்’ என்று நிறுத்தாதீர்கள், முன்னால் ஒரு அளவுச் சொல்லை வையுங்கள் என்று. அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டன. மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி:
மேடம், நான் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். இங்கிலாந்து பையருக்கு ‘யுவர் அப்ரூவல் இஸ் லேட்டர் தன் லாஸ்ட் சீசன்’ என்று மெயில் போட்டேன். மேனேஜர் பார்த்துவிட்டு, சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கிறது, ‘எ பிட்’ சேர் என்றார். ‘எ பிட்’, ‘ஸ்லைட்லி’, ‘சம்வாட்’, ‘ராதர்’ எல்லாமே கொஞ்சம்தானே, எதைப் போட்டாலும் ஒன்றுதானா?

ஒன்று இல்லை அம்மா. ஆனால் மேனேஜர் சொன்னது சரி. ஏன் சரி என்று முதலில் பார்ப்போம், எந்தச் சொல் என்பதற்கு அப்புறம் வருவோம்.

‘லேட்டர்’, ‘டார்க்கர்’ என்று ஆங்கிலத்தில் சொன்னவுடன் இரண்டு பொருளுக்கு நடுவே ஒரு இடைவெளி வந்துவிடுகிறது. எவ்வளவு இடைவெளி என்று நீங்கள் சொல்லாமல் விட்டால் படிக்கிறவர் தன் மனசுப்படி அளந்துகொள்வார், அன்றைக்கு அவருக்கு வேலை அதிகமாக இருந்தால் பெரிதாகவே அளப்பார். எங்கள் வீட்டுக் கதவு மழைக்காலத்தில் பிடித்துக்கொண்டபோது வந்த தச்சர், கதவை ஒரு தரம் சாத்தித் திறந்து பார்த்துவிட்டு, “கீழ்க்கீல் ரெண்டு நூல் எறங்கியிருக்கு” என்றார். ஒரு இன்ச்சுக்கு 8 நூல். ‘இறங்கியிருக்கிறது’ என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் கதவையே மாற்றவேண்டுமோ என்று பயந்திருப்பேன். இரண்டு நூல் என்றதும் நிம்மதியாகிவிட்டது. ஆங்கிலத்தில் ஒப்பீட்டுச் சொல்லுக்கு முன்னால் இருப்பதும் அந்த நூல் கணக்குச் சொல்கிற இடம்தான். அங்கே உட்காரும் சொற்களில் பலவும் பழைய அளவுகளே. ‘பிட்’ என்பது கடிப்பதைக் குறிக்கும் ‘பைட்’டோடு உறவுள்ள சொல், ஒரு கடி, ஒரு வாய் என்பதுதான் அதன் பழைய பொருள். ‘எ டச்’ என்றால் தொட்ட அளவு, ‘எ ஷேட்’ என்றால் நிறத்தில் ஒரு சாயல் அளவு. நாம் எள்ளளவு, இம்மியளவு, மயிரிழை என்று சொல்கிறோமே, அதே வேலை.

இப்போது உங்கள் நாலு சொற்கள். ‘எ பிட்’ பேச்சுக்கும் நட்பான மெயிலுக்கும் உரியது. ‘ஸ்லைட்லி’ எழுத்தில் எங்கேயும் போகும், யாரையும் உறுத்தாது, சந்தேகம் வந்தால் இதையே போடுங்கள். ‘சம்வாட்’ கொஞ்சம் விறைப்பான சொல், அறிக்கைகளில் சரி, ஆனால் மெயிலில் போட்டால் எவ்வளவு என்பதை மழுப்புகிற மாதிரி தெரியும். ‘ராதர்’ இருக்கிறதே, அதில்தான் நம் ஆட்கள் பலரும் இடறுகிறார்கள், ஏனென்றால் அது சின்ன அளவே இல்லை. ‘ராதர் லேட்டர் தன் வீ எக்ஸ்பெக்டட்’ என்றால் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே தாமதம், எனக்கு அதில் வருத்தம் என்று அர்த்தம். சண்டையைத் தணிக்கப் போய் எண்ணெய் ஊற்றியது போல் ஆகிவிடும். நீங்கள் கேட்காத ‘மார்ஜினலி’யையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் தொழிலுக்கு அது உதவும். கையில் எண் இருந்து, வித்தியாசம் மிகச் சிறியதாக இருந்தால் அதுதான் பொருத்தம். சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை, அதாவது 180 ஜிஎஸ்எம், கேட்ட இடத்தில் துணி 182 வந்திருந்தால் ‘மார்ஜினலி ஹெவியர்’.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ‘எ பிட் சீப்பர்’ என்றால் விலை கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான், யாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் பையர் உங்கள் சாம்பிளைப் பார்த்து ‘இட் லுக்ஸ் எ பிட் சீப்’ என்று எழுதினால் மட்டமாகத் தெரிகிறது என்கிறார். ‘எ பிட்’ ஒப்பிடாத பெயரடைக்கு முன்னால் தனியாக வந்தால் பெரும்பாலும் குறைதான் சொல்லும்: ‘எ பிட் ஸ்மால்’, ‘எ பிட் லவுட்’. ‘எ பிட் நைஸ்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘எ பிட் நைசர்’ என்று தாராளமாகச் சொல்கிறார்கள்.

சரி, உங்கள் மெயிலுக்கு வருகிறேன். ‘எ பிட் லேட்டர்’ போதும்தான். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது, குறைச் சொல்லையே எடுத்துவிடுவது. ‘தி அப்ரூவல் ஹேஸ்ன்ட் கம் குவைட் அஸ் குவிக்லி அஸ் லாஸ்ட் சீசன்’ என்று எழுதிப் பாருங்கள். தாமதம் என்ற சொல் வாக்கியத்தில் இல்லை, வேகம் என்ற சொல்தான் இருக்கிறது, போன சீசனில் அவர் வேகமாக அனுப்பினார் என்ற பாராட்டும் உள்ளே இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் “போன தடவை அளவுக்கு இல்லீங்க” என்று சொல்வது இதுதான். நீங்கள் தினமும் தமிழில் செய்வதை ஆங்கிலத்தில் செய்யச் சொல்கிறேன், புதிதாக எதுவும் இல்லை.

ஆனால் ஷிப்மென்ட் தேதியே ஆட்டம் காணும் நிலை என்றால் இந்தச் சொற்கள் எதையும் நம்பாதீர்கள். ‘ஃபோர் டேஸ் லேட்டர்’ என்று நாள் கணக்கைப் போடுங்கள். எண்ணைப் பார்த்து எந்த பையரும் கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

விழுப்புரத்திலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர்:
‘வெரி குட்’ சரி, ‘வெரி பெட்டர்’ தப்பு என்கிறார்கள். ஏன் என்று கேட்டால் ‘அது அப்படித்தான்’ என்று பதில் வருகிறது.

காரணம் இருக்கிறது தம்பி. ‘வெரி’ ஒரு குணம் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று சொல்லும். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதற்கு ‘உண்மையான’ என்றுதான் பொருள். நூல் கணக்குச் சொல்லும் வேலை அதற்குத் தெரியாது. மேலே சொன்ன அந்த இடைவெளியை அளக்க ‘மச்’, ‘ஃபார்’, ‘எ லாட்’ வேண்டும்: ‘மச் பெட்டர்’, ‘ஃபார் பெட்டர்’. ‘வெரி’யை விட மனசில்லை என்றால் ‘வெரி மச் பெட்டர்’ என்று துணைக்கு ஆள் சேர்த்துக்கொள்ளலாம்.

நமக்கு இது ஏன் தடுக்குகிறது தெரியுமா? தமிழில் பெயரடைக்கு ஒப்பீட்டு வடிவம் என்று தனியாக இல்லை. ‘இவன் உயரம்’, ‘அவனைவிட இவன் உயரம்’ இரண்டிலும் ‘உயரம்’ மாறவில்லை, ‘விட’ என்பதே முழுச் சுமையையும் தூக்குகிறது. அதனால் ‘ரொம்ப உயரம்’, ‘அவனைவிட ரொம்ப உயரம்’ இரண்டும் நமக்கு இயல்பாக வருகின்றன. ‘ரொம்ப’ என்றால் ‘வெரி’ என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்ததுதான் சிக்கல். ‘ரொம்ப’வுக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் என்று படித்திருந்தால் இந்தத் தப்பே வராது.

‘மோர் பெட்டர்’ பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் புரூட்டஸின் கத்திக்குத்தைக் காட்டி ஆண்டனி ‘தி மோஸ்ட் அன்கைன்டஸ்ட் கட் ஆஃப் ஆல்’ என்கிறான். அந்தக் காலத்தில் இப்படி இரட்டையாகப் போட்டு அழுத்துவது வழக்கில் இருந்தது. 1762-இல் ராபர்ட் லௌத் எழுதிய இலக்கணம் போன்ற நூல்கள் இதைப் பிழை என்று ஒதுக்கின, இன்றைய எழுத்து ஆங்கிலமும் அதையே பின்பற்றுகிறது. பரீட்சையில் போடாதீர்கள்.

‘ஃபேர்லி’, ‘ப்ரிட்டி’ இரண்டும் ஒப்பீட்டுச் சொல்லுக்கு முன்னால் வரா. ‘ஃபேர்லி குட்’ உண்டு, ‘ஃபேர்லி பெட்டர்’ கிடையாது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பாட்டி:
பேரன் லண்டனில் படிக்கிறான். பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் அவனுடைய எழுத்து ‘குவைட் குட்’ என்று ஆசிரியர் போட்டிருக்கிறார். நியூயோர்க்கில் இருக்கும் மருமகன் ‘மிக நன்று’ என்று அர்த்தம் என்கிறார். லண்டன் மகளோ முகத்தைச் சுளிக்கிறாள். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் அவரவர் ஊருக்குச் சரி அம்மா. ரிப்போர்ட் லண்டனிலிருந்து வந்தது, ஆகவே மகள் பக்கம்தான் சாயவேண்டும். அமெரிக்கர்கள் ‘குவைட் குட்’ என்றால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது என்று பொருள். பிரிட்டனில் அதே இரண்டு சொல் ‘பரவாயில்லை, ஓரளவு நன்று’ என்ற மட்டத்தில் நின்றுவிடும். அங்கேயும் கதைக்கும்போது எந்தச் சொல்லை அழுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும்: ‘குவைட்’டை அழுத்தினால் பாராட்டு கீழே இறங்கும், ‘குட்’டை அழுத்தினால் மேலே ஏறும். காகிதத்தில் அந்த அழுத்தம் தெரியாது, அதனால்தான் உங்கள் வீட்டில் இரண்டு கருத்து. ஆசிரியரைச் சந்திக்கும் நாளில் மகள் நேராகக் கேட்டுவிடட்டும், எந்த இடத்தில் இன்னும் முன்னேறவேண்டும் என்று.

‘குவைட் இம்பாசிபிள்’ என்பதில் வரும் ‘குவைட்’ வேறு, அது ‘முழுக்க’. நடக்கும் அல்லது நடக்காது என்று இரண்டே நிலை உள்ள சொல்லோடு சேர்ந்தால் அது குறைப்பதில்லை. ‘பெட்டர்’ போன்ற ஒப்பீட்டுச் சொல்லுக்கு நேர் முன்னால் ‘குவைட்’ வராது, ஒரே ஒரு விலக்கு: பிரிட்டனில் காய்ச்சலிலிருந்து எழுந்தவர் ‘ஐ ஆம் குவைட் பெட்டர்’ என்பார், முழுக்கக் குணமாகிவிட்டேன் என்று பொருள்.

அட்லாண்டிக்கின் இரண்டு கரைகளுக்கு நடுவே இந்தச் சின்னச் சொற்கள் உயிரையே விலையாகக் கேட்டதுண்டு. 1951 ஏப்ரலில், கொரியப் போரில், இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படையணி ஒன்றை அதைவிடப் பல மடங்கு பெரிய சீனப் படை நெருக்கிக்கொண்டிருந்தது. நிலைமை எப்படி என்று அமெரிக்க ஜெனரல் ராபர்ட் சூல் கேட்டபோது, பிரிட்டிஷ் தளபதி டாம் பிரோடி ‘எ பிட் ஸ்டிக்கி’ என்று பதில் சொன்னதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. பிரிட்டிஷ் காதுக்கு அது ‘கழுத்து வரை வந்துவிட்டது’ என்று கேட்டிருக்கும். அமெரிக்கக் காதுக்கோ ‘கொஞ்சம் சிரமம், சமாளித்துக்கொள்கிறார்கள்’. அந்தப் படையணியில் இருந்த குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவின் வீரர்கள் குன்றின் மேல் சுற்றி வளைக்கப்பட்டார்கள், மிகச் சிலரே தப்பினார்கள், பெரும்பாலானோர் இறந்தார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். போரில் ஒரு முடிவுக்கு ஒரு சொல் மட்டுமே காரணமாகாதுதான், ஆனாலும் இந்தச் சம்பவத்தை நான் படித்த நாளிலிருந்து ‘எ பிட்’டைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

திருச்சியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்:
‘நாட் குவைட் அஸ் குட் அஸ்’, ‘நாட் நியர்லி அஸ் குட் அஸ்’ இரண்டும் ஒன்று என்றே நாற்பது ஆண்டுகள் சொல்லிக்கொடுத்துவிட்டேன். இப்போது என் பேத்தி இல்லை என்கிறாள்.

பேத்தி சொல்வது சரி ஐயா. ‘நியர்லி’ என்றால் ‘கிட்டத்தட்ட’, அதனால் ‘நாட்’ சேர்ந்தாலும் மென்மையாகவே இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. நடப்பது நேர் எதிர். ‘நாட் குவைட் அஸ் குட்’ என்றால் ஏறக்குறைய வந்துவிட்டது, ஒரு மயிரிழை குறைகிறது. ‘நாட் நியர்லி அஸ் குட்’ என்றால் கிட்டத்தில்கூட வரவில்லை. ‘அதன் பக்கத்தில் நிற்க முடியாது’ என்று நாம் சொல்வோமே, அந்தக் கனம். மாணவன் நோட்டில் முதலாவதை எழுதினால் அவன் அடுத்த தடவை எட்டிப்பிடிக்கப் பார்ப்பான், இரண்டாவதை எழுதினால் நோட்டை மூடிவிடுவான்.

‘நோ பெட்டர் தன்’ என்பதும் இதே வகைக் கத்தி. ‘நாட் பெட்டர் தன்’ என்றால் அதைவிட மேல் இல்லை, அவ்வளவே. ‘நோ பெட்டர் தன்’ என்றால் இரண்டுமே மோசம் என்ற குறிப்பு உள்ளே வந்துவிடுகிறது.

தஞ்சாவூரிலிருந்து ஒரு தமிழாசிரியை:
நன்னூல் ‘சால உறு தவ நனி கூர் கழி மிகல்’ என்று மிகுதி காட்ட ஆறு உரிச்சொற்களைத் தருகிறது. குறைத்துச் சொல்ல அப்படி ஒரு பட்டியல் இல்லையே, தமிழில் இந்த மென்மை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் அம்மா, எடுத்துக்கொள்ளக் கூடாது. பட்டியல் போடாவிட்டாலும் சொல் இருக்கிறது: சற்று, சிறிது, ஓரளவு, லேசாக, கொஞ்சம். அதோடு ஐந்தாம் வேற்றுமைக்கு உரையாசிரியர்கள் காட்டும் ‘காக்கையிற் கரிது களம்பழம்’ என்ற உதாரணத்தை வகுப்பில் நீங்களே நடத்தியிருப்பீர்கள். காக்கை போலக் கறுப்பு என்றும் கொள்ளலாம், காக்கையைவிடக் கறுப்பு என்றும் கொள்ளலாம். ஒப்பும் உறழ்வும் ஒரே உருபில் இருக்கின்றன. எது என்பதை இடமும் பேசுகிறவரின் குரலும் முடிவு செய்கின்றன. நம் மொழி அளவைச் சொல்லில் மட்டும் வைக்காமல் முகத்திலும் இழுப்பிலும் வைத்திருக்கிறது. “பரவால்ல” என்பதை நாம் எத்தனை விதமாகச் சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். மெயிலில் அந்த இழுப்பு போகாது, அங்கேதான் நம் பிள்ளைகள் முரட்டுத்தனமாகத் தெரிகிறார்கள். அவர்கள் முரடர்கள் இல்லை.

‘கொஞ்சம்’ பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். “கொஞ்சம் தள்ளுங்க”, “கொஞ்சம் பேனா குடுங்க” என்பதில் அது அளவே இல்லை, வேண்டுகோள். இதை ‘எ லிட்டில்’ என்று மாற்றினால் யாருக்கும் புரியாது, அங்கே ‘ப்ளீஸ்’தான் சரி.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்:
அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் வெளிநாட்டு மேலதிகாரிக்கு ‘ஃபாதர் இஸ் லிட்டில் பெட்டர் டுடே’ என்று அனுப்பினேன். அவர் உடனே போன் செய்து மிகவும் வருந்துகிறேன், எத்தனை நாள் வேண்டுமானாலும் லீவு எடுத்துக்கொள் என்றார். அப்பா தேறிவருகிறார் என்றுதானே சொன்னேன்? இன்னொன்று, ஸ்கேன் ரிப்போர்ட்டில் கல்லீரல் ‘மைல்ட்லி என்லார்ஜ்ட்’ என்று இருந்தது. நம்மைத் தேற்றுவதற்காக அப்படி எழுதுவார்களா?

அப்பா இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்த பிறகே மூச்சு வந்தது.

நீங்கள் விட்டது ‘எ’ என்ற ஒரே எழுத்து. ‘எ லிட்டில் பெட்டர்’ என்றால் கொஞ்சம் தேறியிருக்கிறார். ‘லிட்டில் பெட்டர்’ என்றால் தேறியது என்று சொல்ல அதிகமாக எதுவும் இல்லை. தமிழில் ‘கொஞ்சம் நல்லாயிருக்கார்’, ‘கொஞ்சம்தான் நல்லாயிருக்கார்’ என்பதற்கு நடுவே ‘தான்’ செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ‘எ’ இல்லாமை செய்துவிடுகிறது. நம் பேச்சு ஆங்கிலத்தில் இந்த ‘எ’ எப்போதும் உதிர்ந்துவிடும், உள்ளூரில் யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள், வெளியூர்க்காரர் எடுத்துக்கொள்வார்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருப்பது ஆறுதல் இல்லை. ‘மைல்ட்’, ‘மாடரேட்’, ‘சிவியர்’ என்பவை மருத்துவத்தில் படிநிலைகள், ‘மைல்ட்’ என்று எழுதியிருந்தால் கீழ்ப்படி என்று அர்த்தம். அது உங்கள் அப்பாவுக்கு என்ன என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும், நான் சொல்லக்கூடாது. ஆனால் அங்கே மரியாதைக்காக யாரும் சொல்லைக் குறைக்கவில்லை என்பது மட்டும் உறுதி. என் அம்மாவை ஒரு தடவை அட்மிட் செய்திருந்தபோது இரவு போனில் பேசிய நர்ஸ் “பிரஷர் நேத்தைவிடக் கொஞ்சம் கம்மி” என்றார். எவ்வளவு என்று கேட்டேன். ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லி சார்ட்டைப் பார்த்து எண்ணைச் சொன்னார், சொல்லும்போதே அவருக்கே அது சரியாகப் படவில்லை, உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டார். அந்தப் பெண் அன்போடுதான் ‘கொஞ்சம்’ போட்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மருந்து, ரத்த அழுத்தம், மின்சாரம், எரிவாயு, வண்டியின் பிரேக் இந்த இடங்களில் எந்த மொழியிலும் எண் வரட்டும்.

காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வாசகி:
‘பெர்ஃபெக்ட்’ என்ற சொல்லுக்கு ஒப்பீடே கிடையாது என்று படித்தேன். ஆனால் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் வரியிலேயே ‘மோர் பெர்ஃபெக்ட்’ என்று இருக்கிறதாமே? என் மகளின் கையெழுத்துக்கு டீச்சர் ‘ஆல்மோஸ்ட் பெர்ஃபெக்ட்’ என்று போட்டிருப்பது சரியா?

இருக்கிறது, 1787-இல் எழுதப்பட்ட முகவுரையில் ‘எ மோர் பெர்ஃபெக்ட் யூனியன்’ என்றே இருக்கிறது, முன்பு இருந்ததைவிட முழுமைக்கு இன்னும் அருகே போன ஒன்றியம் என்ற பொருளில். கண்டிப்பான ஆசிரியர்கள் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நானோ யாராவது அப்படி எழுதினால் திருத்தமாட்டேன். ‘ஸ்லைட்லி யூனிக்’ மட்டும் எனக்குப் பிடிக்காது, ஒன்றே ஒன்று இருப்பதில் கொஞ்சம் என்ன, நிறைய என்ன.

‘ஆல்மோஸ்ட்’, ‘நியர்லி’ இரண்டும் ‘பெர்ஃபெக்ட்’டுக்கு முன்னால் தடையில்லாமல் வரும், டீச்சர் எழுதியது சரி. நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் பார்த்தேன். சின்ன ‘ஜி’யின் வால் கோட்டுக்குக் கீழே இறங்காமல் மேலேயே நின்றுவிடுகிறது, மற்ற எழுத்தெல்லாம் அழகு. டீச்சர் குறிப்பிட்டது அந்த வாலைத்தான் என்று நினைக்கிறேன்.